வேலை அனுபவமே இல்லாதவர் ரெஸ்யூமில் எதை எழுதுவது?

இப்போதுதான் படிப்பை முடித்திருக்கிறீர்கள், அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லை, பக்கத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர்களை வேலைக்கு எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ரெஸ்யூம்களைப் படிப்பவர் என்ற இடத்திலிருந்து சொல்கிறேன்.

நிரப்பவே வேண்டாம். ஒரு பக்கம் தாராளம். முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டாலும் குறையாக நினைக்க மாட்டோம். புதியவருக்கு அனுபவம் இருக்காது என்று தெரிந்துதான் விளம்பரமே கொடுக்கிறோம். இவர் எதையாவது தானே முயன்று செய்து முடித்திருக்கிறாரா என்றுதான் பார்ப்போம். அதற்கான விடை பெரும்பாலும் ப்ராஜெக்ட் பகுதியில் இருக்கும். ஆனால் அந்தப் பகுதியைத்தான் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

“நூலக மேலாண்மை மென்பொருள் – ஜாவா, மைஎஸ்கியூஎல்” என்று மட்டும் இருந்தால் உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரிவதில்லை. அதே ப்ராஜெக்டை இப்படி எழுதிப் பாருங்கள்: “நால்வர் குழு. தரவுத்தள வடிவமைப்பும் தேடல் பகுதியும் என் பொறுப்பு. ஒரே புத்தகத்தை இருவர் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்யும்போது வந்த பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்.” இப்போது நேர்காணலில் எனக்குக் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. உங்களுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயத்திலிருந்து பேச்சு தொடங்குகிறது. பயத்தோடு வருபவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கணினி படிக்காதவர்களுக்கும் இதேதான். கல்லூரி விழாவுக்கு வரவு செலவு பார்த்தது, பகுதி நேரமாகக் கடையில் பில் போட்டது, சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தது எல்லாம் வேலைதான். குடும்பத்தின் கடையைப் பார்த்துக்கொண்டதை எழுதத் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். எவ்வளவு காலம், என்ன பொறுப்பு, என்ன மாறியது என்று சொல்லுங்கள். எண்ணிக்கை கொடுக்க முடிந்தால் கொடுங்கள், ஆனால் அது உண்மையான எண்ணாக இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். லியனார்டோ டா வின்சி 1480களில் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையை முற்றுகையிட வழி சொல்வேன் என்று போருக்கு உதவும் திறமைகளையே அடுக்கிவிட்டு, ஓவியம் வரைவதைக் கடைசியில்தான் சொல்கிறார். படிப்பவருக்கு எது தேவையோ அது முதலில் வந்துவிட்டது. நீங்களும் விளம்பரத்தை நிதானமாகப் படித்து, திரும்பத் திரும்ப வரும் திறமைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததை அதே சொல்லால் எழுதி மேலே கொண்டுவாருங்கள்.

தெரிந்ததை மட்டும்தான். ஒரு வாரம் வீடியோ பார்த்த பைத்தான் நிரல்மொழியைத் திறமைப் பட்டியலில் போட்டால், முதல் கேள்வியே அதிலிருந்து வரும். பத்து நிமிடம் கேள்வி கேட்டாலும் தாங்கும் என்று தோன்றுபவற்றை மட்டும் வையுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், 80 சதவீதக் கோடு போன்ற படங்கள் வேண்டாம். யார் அளந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. “சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன்” என்ற குறிக்கோள் வரியையும் எடுத்துவிடுங்கள். யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி அது.

வடிவமைப்பு எளிமையாக இருக்கட்டும். பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் ஒரு மென்பொருள் பிரித்தெடுத்துச் சேமிக்கிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு, அட்டவணை, பெட்டிக்குள் எழுத்து எல்லாம் சில மென்பொருள்களில் வரிசை மாறிக் குழம்பிவிடும். பக்கத்தின் மேல் விளிம்புப் பகுதியில் போடும் தொலைபேசி எண் சில சமயம் காணாமலே போகும். சோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை சரியாக வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால், படமாகச் சேமித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண் இவற்றைக் கேட்காதபோது எழுத வேண்டாம். புகைப்படம் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக வைப்பதில்லை, ஜெர்மனியில் பலர் வைக்கிறார்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். “ஃபைனல் புதியது 2” என்று வந்தால் அது யாருடையது என்று தேட வேண்டியிருக்கிறது.

கிட்ஹப் (எழுதிய நிரல்களைப் பகிரும் தளம்) சுட்டியோ கூகுள் டிரைவ் சுட்டியோ கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் எங்களுக்கும் அதுதான் வரும்.