ஏழு பேர் வந்த ஷோவும் மற்ற கேள்விகளும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பங்க் ராக் (வேகமும் இரைச்சலுமான ராக் இசை) பேண்ட் வைத்திருப்பவர்களிடமிருந்து. நானும் பல வருடம் பேஸ் கிட்டாரும் ஆம்பும் (கிட்டார் ஒலிபெருக்கி) தூக்கித் திரிந்தவன் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி: எங்கள் பேண்ட் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் வாசித்த ஷோவுக்கு மொத்தமே ஏழு பேர், அதிலும் மூன்று பேர் அடுத்து வாசிக்க வேண்டிய பேண்ட் ஆட்கள். இதற்கு மேலும் இழுக்கத்தான் வேண்டுமா?
(கிட்டார் வாசிக்கும் வாசகர்)

பதில்: அந்த மூன்று பேரைக் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள், ஏழில் முக்கியமானவர்கள் அவர்கள்தான். சின்ன வட்டாரத்தில் பங்க் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு பேண்டில் வாசிப்பவர்களாகவோ, போஸ்டர் ஒட்டுபவர்களாகவோ, அடுத்த வருடம் பேண்ட் தொடங்கப் போகிறவர்களாகவோ இருப்பார்கள். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தபோது இருந்தவர்கள் சுமார் 40 பேர் என்பார்கள். அதை ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். தங்களுடைய பஸ்காக்ஸ் குழுவே அன்று முதலில் வாசிப்பதாகத்தான் திட்டம், ஆனால் குழு தயாராகவில்லை, வேறு யாரையோ பிடித்து மேடையேற்றினார்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி அதே அரங்கில் பிஸ்டல்ஸ் திரும்ப வந்தபோதுதான் பஸ்காக்ஸ் வாசித்தது. முதல் ஷோவில் நின்று கேட்ட பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், பிறகு அவர் பேஸ் வாசித்த ஜாய் டிவிஷன் குழு வந்தது. (அன்று நானும் அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் ஒரு மைதானமே நிறைந்துவிடும், அது தனிக் கதை.)

உங்கள் ஏழு பேரில் ஒரு பீட்டர் ஹுக் இருந்தாரா என்றால், பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார். நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மூன்று பேர் உங்கள் செட்டை நின்று கேட்டார்கள், சரி, அவர்கள் வாசித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஆம்பை வேனில் ஏற்றிவிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதைப் பார்த்திருப்பார்கள், நினைவிலும் வைத்திருப்பார்கள். நாங்கள் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம். யாரும் எங்களை அடுத்த ஷோவுக்குக் கூப்பிடவில்லை, எல்லாம் உள் அரசியல் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். அப்புறம் எங்கள் வேன் படுத்துவிட்டது, கொஞ்ச காலம் எந்த ஷோவுக்குப் போனாலும் இன்னொரு பேண்டின் வண்டியில்தான் போய் வர வேண்டியிருந்தது, அவர்கள் கிளம்பும்வரை நாங்களும் இருந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் எல்லாருடைய செட்டையும் கடைசிவரை கேட்டோம், சில பாடல்கள் மனப்பாடமே ஆகிவிட்டன. கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, ஒரே ஊரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசிக்காதீர்கள். அடுத்த ஷோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் நண்பர்கள்கூட வரமாட்டார்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்தது கிட்டாரில் மூன்றே கார்ட் (சேர்த்து மீட்டும் சுரக் கூட்டு). பேண்ட் தொடங்கலாமா, இன்னும் ஒரு வருடம் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: தொடங்குங்கள். இங்கிலாந்தில் 1977 வாக்கில் வந்த ‘சைட்பர்ன்ஸ்’ என்ற ரசிகர் இதழ் ஏ, ஈ, ஜி என்று மூன்று கார்டுகளைக் கையால் வரைந்து காட்டி, போய் பேண்ட் தொடங்கு என்று சொல்லி முடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது இடது கையின் வேலை மட்டும்தான். வலது கையைப் பற்றி யாரும் படம் போடவில்லை. நியூயார்க் பங்க் குழுவான ரமோன்ஸின் ஜானி ரமோன் மாதிரி முழுப் பாட்டையும் கீழ்நோக்கிய அடியிலேயே, அந்த வேகத்தில், இரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள், முன்னங்கை பற்றி எரியும். அப்புறம் நான்கு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தப் பழகுங்கள். நடுவில் எவ்வளவு சிதறினாலும் முடிவு ஒரே அடியாக விழுந்தால், வேண்டுமென்றே அப்படி வாசித்தார்கள் என்று கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

கேள்வி: வெளியூர் பேண்ட் ஒன்று சுற்றுப்பயணத்தில் எங்கள் ஊருக்கு வந்தது. இரண்டு உள்ளூர் பேண்டும் அவர்களுமாக வாசித்தோம், டிக்கெட் வசூலை மூன்று சம பங்காகப் பிரித்தோம். அவர்கள் முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். சமமாகப் பிரிப்பதுதானே நியாயம்?

பதில்: இல்லை. நீங்கள் அன்று இரவு உங்கள் வீட்டில் தூங்கினீர்கள், அவர்கள் அடுத்த ஊருக்கு எரிபொருள் போட வேண்டும். ஹால் வாடகை, சவுண்ட் பார்த்தவருக்கான கூலி, அதற்கடுத்து வெளியூர்க்காரர்கள், மிச்சம் இருந்தால் நீங்கள். பெரும்பாலான இரவுகளில் மிச்சம் இருக்காது, அதற்காக யாரும் உள்ளூரில் பேண்ட் நடத்துவதை நிறுத்தியதில்லை. நீங்கள் அவர்கள் ஊருக்குப் போகும்போது இதே கணக்கு உங்களுக்கும் வரும். வராவிட்டால் அடுத்த முறை அந்தப் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

எதுவானாலும் ஷோவுக்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள், எந்தப் பணம் எதற்கு முதலில் போகும் என்று. ஒருமுறை ஓர் இடத்தில் “கதவு வசூல் முழுக்க உங்களுக்கே” என்றார்கள், நாங்களும் குஷியாக வாசித்தோம். கடைசியில் வாசலில் நின்றவருக்கு, விளக்கு பார்த்தவருக்கு, கூட்டிப் பெருக்கியவருக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கையில் சில்லறை வைத்தார்கள். கேட்காமல் விட்டது எங்கள் தப்பும்தான்.

டி-ஷர்ட் விற்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். வாஷிங்டனின் ஃபுகாசி என்ற பங்க் குழு மேனேஜர் இல்லாமல், டி-ஷர்ட் விற்காமல், பெரும்பாலும் 5 டாலர் டிக்கெட்டிலேயே காலம் தள்ளியது உண்மை. அவர்களுக்குக் கூட்டம் வந்தது. நீங்கள் டி-ஷர்ட் விற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் டிரம்மர் மூன்று பேண்டில் வாசிக்கிறார். எங்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: சொல்லிப் பாருங்கள், மற்ற இரண்டை வைத்துக்கொள்வார். கிட்டாரை மெத்தையில் உட்கார்ந்து ஆம்ப் இல்லாமல் பழகலாம், டிரம்ஸுக்குத் தனி இடம் வேண்டும், சத்தத்தைப் பொறுக்கும் அக்கம்பக்கம் வேண்டும், தூக்கிப்போக வண்டி வேண்டும். அதனால்தான் எந்த ஊர்ப் பங்க் வட்டாரத்திலும் டிரம்மர் பஞ்சம். ஒத்திகை நாளை அவருக்கு வசதியாக மாற்றிக்கொள்ளுங்கள், ஷோ முடிந்ததும் ஸ்டாண்டுகளை மடிக்கக் கூடவே நில்லுங்கள். இன்னொருவர் டிரம்ஸை இரவல் வாங்கி வாசிக்கும்போது ஸ்நேர் டிரம், சிம்பல் தட்டுகள், கால் பெடல் மூன்றையும் உங்கள் டிரம்மர் சொந்தமாகக் கொண்டுவரட்டும். இரவல் சிம்பலை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு, அந்த நட்பு ஒட்டவே இல்லை.

கேள்வி: முதல் ஆல்பம் பதிவு செய்யப் பணம் சேர்க்கிறோம். பன்னிரண்டு பாட்டு தயார். எத்தனை நாள் ஸ்டுடியோ எடுக்க வேண்டும்?

பதில்: பன்னிரண்டும் தயாரா, அல்லது நான்கு தயாராகி எட்டு ஒப்பேற்றப்பட்டிருக்கிறதா? கோபிக்க வேண்டாம், எங்களுக்கும் அதே கதைதான். பஸ்காக்ஸ் தங்கள் முதல் இசைத்தட்டில் போட்டது நான்கே பாட்டு. தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் கடைசியில் ஒரே நாளில் பதிவு செய்து, அடுத்த மாதம் தங்கள் சொந்த லேபிளிலேயே (இசைத்தட்டு நிறுவனம்) 1,000 பிரதி போட்டார்கள். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் குழு கலையும்போது ஷோக்களில் சேர்த்த பணம் கையில் இருந்தது. அதைப் பங்குபோட்டுக்கொள்ளாமல் 1980இல் ஒரு இசைத்தட்டு போட்டார்கள், டிஸ்கார்ட் ரெகார்ட்ஸ் என்ற லேபிள் தொடங்கியது அப்படித்தான். அட்டை உறைகளை அவர்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். மினிட்மென் குழு வாடகை குறைவான பின்னிரவு நேரத்தில், ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பில், ஆல்பத்தில் வரவேண்டிய வரிசையிலேயே பாடல்களைப் பதிவு செய்தது, வெட்டி ஒட்டும் செலவு மிச்சம்.

இன்று டேப் செலவு இல்லை, ஆனால் நேரத்துக்குப் பணம் என்பது மாறவில்லை. ஆகவே நான்கு பாட்டு, ஒரு நாள். டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவாகட்டும், குரலை மட்டும் பின்னால் ஏற்றுங்கள். புதுக் கம்பியை அன்று காலையில் மாட்டினால் நாள் முழுக்க சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், முந்தின நாளே மாட்டி இழுத்துவிடுங்கள். எந்தப் பாட்டு எவ்வளவு வேகம் என்பதை ஸ்டுடியோவில் போய் விவாதிக்காதீர்கள், எங்கள் முதல் பதிவில் ஒன்றரை மணி நேரம் அதற்கே போனது.

கேள்வி: நான் பாடகி. சவுண்ட் பார்ப்பவர் என்னிடம் பேசாமல் கிட்டார்காரரிடமே எல்லாம் கேட்கிறார். முன்வரிசையில் பெண்கள் நிற்கவே முடிவதில்லை, பையன்கள் இடித்துத் தள்ளுகிறார்கள். “பங்க் என்றால் அப்படித்தான்” என்கிறார்கள்.

பதில்: யார் சொன்னது அப்படித்தான் என்று? பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா 1990களின் தொடக்கத்திலேயே மேடையிலிருந்து பெண்களை முன்னால் வரச்சொல்லி, ஆண்களைப் பின்னால் போகச் சொன்னார். ஃபுகாசி கூட்டத்தில் யாராவது மற்றவர்களை அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு அந்த ஆளிடம் மேடையிலிருந்தே பேசினார்கள், சில சமயம் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியும் வைத்தார்கள். மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது, பாட்டு நடுவிலேயே நிறுத்துங்கள். ஒருமுறை செய்தால் போதும், அடுத்த ஷோவுக்குள் பேச்சு பரவிவிடும். ஆனால் உங்கள் பேண்ட் பையன்கள் அந்த நேரத்தில் கிட்டார் சுருதி சேர்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது, இதை அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். சவுண்ட் விஷயத்துக்கும் அவர்கள்தான் மருந்து. சவுண்ட் பார்ப்பவர் கேட்கும்போது கிட்டார்காரர் “அவங்ககிட்ட கேளுங்க” என்று மூன்று முறை சொன்னால் நான்காவது முறை உங்களிடமே வருவார்.

கேள்வி: காதில் அடைப்பான் வைத்துக்கொண்டால் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: செய்யட்டும். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் சிம்பலுக்குப் பக்கத்தில் நின்று பழகினால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள்ளேயே அன்றைய பங்கு தீர்ந்திருக்கும். பஞ்சு போதாது, ஃபோம் அடைப்பானாவது வாங்குங்கள். என் இடது காதில் ஒரு கொசு பதினோரு வருடமாகப் பாடுகிறது, நான் கேலி செய்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

கேள்வி: எங்களோடு வாசித்த பேண்ட் ஒன்று பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. எல்லாரும் துரோகி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்ற பங்க் அரங்கு 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது, தன்னார்வலர்கள் நடத்துவது, எல்லா வயதினருக்கும் அனுமதி. பெரிய லேபிள் பேண்ட் அங்கே வாசிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். அங்கே வளர்ந்த கிரீன் டே பெரிய லேபிளுக்குப் போனதும் அவர்களுக்கும் கதவு மூடப்பட்டது. 2015இல் ஒரு நிதி திரட்டும் ஷோவுக்காகத் திரும்ப வந்து வாசித்தார்கள். விதியை வைத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அடுத்த பதினைந்து வயதுப் பையனுக்கு மேடை காலியாக வேண்டுமே. ஆனால் விதி வைப்பது வேறு, வாசலில் நின்று திட்டுவது வேறு. உங்கள் நண்பர்களிடம் கோபம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் போனதாலா, வாங்கிய ஆம்பைத் திருப்பித் தராமல் போனதாலா என்று. எனக்குத் தெரிந்த சண்டைகளில் பாதி இரண்டாவது வகை.

கேள்வி: போன மாத ஷோவில் என் கிட்டார் கேபிள் காணாமல் போய்விட்டது. பத்து அடி, கறுப்பு. யாரைக் கேட்பது?

பதில்: கறுப்பு கேபிளில் ஊர் பேர் எழுதியிருக்காது. இரு முனையிலும் வண்ண டேப் ஒட்டி வையுங்கள், மறக்காமல். என் பையில் இப்போது நான்கு கேபிள் இருக்கின்றன, நான் காசு கொடுத்து வாங்கியது இரண்டுதான். மற்ற இரண்டில் ஒன்றின் பிளக் கொஞ்சம் வளைந்திருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.