பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: லாகின் ஃபார்ம் கேள்வி பதில்

பிஎச்பி-யில் செய்த பதிவு ஃபார்ம் நன்றாக ஓடுகிறது, டேபிளிலும் ஆள் சேர்கிறது. லாகினில் மட்டும் எல்லோருக்கும் 'பாஸ்வேர்டு தவறு'. கோடு முழுக்கப் பார்த்துவிட்டேன் சார்.

கோடை விடுங்கள், டேபிளைப் பாருங்கள். பாஸ்வேர்டு ஃபீல்டின் நீளம் என்ன? பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றிச் சேமிப்பதுதான் ஹேஷ். பிகிரிப்ட் என்ற முறையில் அது 60 எழுத்து வரும். ஃபீல்டை வார்கார் 50, அதாவது அதிகபட்சம் 50 எழுத்து என்று வைத்திருந்தால் கடைசி 10 எழுத்து போய்விடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், நீளம் மீறினால் மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாமல் ஓடினால் சேமிப்பதை நிறுத்தாது, வெட்டிப் போட்டுவிட்டு ஒரு வார்னிங்கோடு முடித்துக்கொள்ளும். அதனால்தான் பதிவு சரியாக நடந்ததுபோலத் தெரிகிறது. ஹேஷின் நீளத்தைக் கேட்டு ஒரு செலக்ட் ஓட்டுங்கள். எல்லா வரிசையிலும் 50 என்று வந்தால் ஆள் அகப்பட்டான். ஃபீல்டை 255 ஆக்குங்கள். வெட்டுப்பட்டதை மீட்க வழியில்லை, பழைய பயனர்கள் பாஸ்வேர்டை ரீசெட் செய்துதான் ஆகவேண்டும்.

எனக்கும் அதே சிக்கல்தான் அண்ணா, ஆனால் நீளம் 60 சரியாக இருக்கிறது.

அப்படியானால் லாகினிலும் புதிதாக ஹேஷ் போட்டு, இரண்டும் சமமா என்று பார்க்கிறீர்கள் போல. ஹேஷில் கலக்கும் சால்ட் என்ற தற்செயல் எழுத்துகள் ஒவ்வொரு முறையும் மாறும், ஒரே பாஸ்வேர்டுக்கும் ஹேஷ் வேறாகத்தான் வரும். ஒப்பிடும் வேலையை பிஎச்பி-யின் பாஸ்வேர்ட் வெரிஃபை ஃபங்ஷனிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ். சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி லாகின் பக்கத்துக்கே வருகிறது.

செட்டிங்ஸ் ஃபைலான வெப் கான்ஃபிக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறங்கள். 'பிரிசர்வ் லாக்' டிக் செய்யுங்கள், இல்லையென்றால் ரீடைரக்ட் ஆனதும் எல்லாம் அழிந்துவிடும். இப்போது லாகின் செய்து, போஸ்ட்டுக்கு வந்த பதிலில் செட் குக்கீ வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் வெறும் ரெஸ்பான்ஸ் ரீடைரக்ட் செய்கிறீர்கள், லாகின் ஆனவர் என்று பிரவுசரிடம் கொடுக்கும் அடையாளமான ஆத் குக்கீயை யாருமே போடவில்லை.

வரி இருந்தால் அடுத்த கோரிக்கையைப் பாருங்கள். குக்கீ அதில் போகவில்லையா? டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் லாகின் ஆகி, அது இல்லாத முகவரிக்கு ரீடைரக்ட் ஆகியிருக்கலாம். போயும் சர்வர் ஏற்கவில்லையா? கோரிக்கைகளைப் பல சர்வருக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்தால், குக்கீயைப் பூட்டித் திறக்கும் சாவியான மெஷின் கீ இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று எழுதிய குக்கீயை மற்றது பிரிக்க முடியாமல்தான் வெளியே தள்ளுகிறது. சிக்கல் இந்த மூன்றில் எந்த இடத்தில் என்று தெரியாமல் கோடில் கை வைத்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

லாகின் பக்கம் மட்டும் டிசைன் இல்லாமல் மொட்டையாக வருகிறது.

லாகின் ஆகாதவர்களைத் தடுக்கும் விதி சிஎஸ்எஸ் ஃபைலையும் தடுக்கிறது. அந்த ஃபோல்டருக்கு மட்டும் வெப் கான்ஃபிக்கின் லொக்கேஷன் டேகில் அனுமதி கொடுங்கள்.

டைம்அவுட் 30 நிமிடம் வைத்தும் சிலர் முன்பே வெளியேற்றப்படுகிறார்கள். பயன்படுத்தும்போது நேரத்தை நீட்டிக்கும் ஸ்லைடிங்கை ஆன் செய்திருக்கிறேன்.

ஸ்லைடிங் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் புதுப்பிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் கடந்த பிறகு வரும் கோரிக்கைக்குத்தான் புதுப்பிக்கும். 10 மணிக்கு லாகின் செய்தவர் 10.14-க்குக் கடைசியாகக் கிளிக் செய்தால் புதுப்பிக்காது, 10.30-க்கு முடிந்துவிடும். அவருக்குக் கிடைத்தது 16 நிமிடம்தான். அப்புறம், பயனரின் பெயர் போன்ற விவரங்களை சர்வர் வைத்திருக்கும் செஷனின் டைம்அவுட் தனிக் கணக்கு, அது மாற்றாமல் விட்டால் 20 நிமிடம். லாகின் இருக்கிறது, பெயர் மட்டும் காணோம் என்றால் காலாவதியானது செஷன்.

கம்ப்யூட்டரில் லாகின் ஆகிறது, போனில் மட்டும் தவறு என்கிறது.

போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரியதாக்கிவிடும், பரிந்துரையில் வரும் சொல்லைத் தொட்டால் பின்னால் ஒரு ஸ்பேஸும் ஒட்டிக்கொள்ளும். யூசர்நேம் இன்புட்டில் ஆட்டோகேபிடலைஸை நிறுத்துங்கள், சர்வரில் ட்ரிம் செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் ட்ரிம் செய்யவேண்டாம், ஸ்பேஸ் வைத்தே பாஸ்வேர்டு போடுபவர்கள் இருக்கிறார்கள். பேஸ்ட்டையும் தடுக்காதீர்கள், பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து காப்பி செய்து போடுபவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.