புது ஏடிமெகா328பி: 9600 வைத்தும் சீரியலில் குப்பை எழுத்துகள் வருவது ஏன்?

ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஒழுங்காக ஓடிய ஸ்கெட்ச் (ஆர்டுயினோ நிரல்), அதிலிருக்கும் அதே ஏடிமெகா328பி சிப்பைப் புதிதாக வாங்கி பிரெட்போர்டில் செருகி புரோகிராமர் (சிப்பில் நிரலை எழுதும் கருவி) வழியாக ஏற்றியதும் குப்பையாக வருகிறது என்கிறீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாக், அதாவது சிப் ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்பு.

புது சிப்பின் ஃபியூஸ் (சிப்பின் அமைப்பைச் சேமிக்கும் பிட்டுகள்), உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆஸிலேட்டரை (கிளாக்கை உருவாக்கும் சுற்று) எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வைக்கப்பட்டிருக்கும். வெளியே கிறிஸ்டலை (துல்லியமான கிளாக் தரும் பாகம்) மாட்டினால் மட்டும் போதாது. ஃபியூஸை மாற்றும்வரை சிப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஸ்கெட்ச்சோ 16 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பி பாட்ரேட்டை (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) தீர்மானிக்கும் ரிஜிஸ்டரில் 207 எழுதுகிறது. 16-ல் அது 9615 ஆகும், 1-ல் வெறும் 601.

உறுதிசெய்வது சுலபம். புட்டி போன்ற டெர்மினலில் 600 வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக வந்தால் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 4800-ல் தெளிந்தால் 8. டெர்மினலை நம்பாவிட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்து 'யு'வை இடைவிடாமல் அனுப்பி, டிஎக்ஸ் காலில் (தரவை அனுப்பும் 3-வது பின்) மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து அளக்கலாம். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளோடு சேர்த்து அந்த எழுத்து 0, 1 என மாறிமாறியே போகும். அதனால் மீட்டர் காட்டுவதன் இரு மடங்குதான் பாட்ரேட். 300 காட்டினால் 600.

சரிசெய்ய: 9, 10-வது பின்களுக்கிடையே 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், இரண்டு பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று. பிறகு ஆர்டுயினோ மென்பொருளில் போர்டை ஊனோ என்று தேர்ந்து 'பர்ன் பூட்லோடர்' கொடுங்கள்; ஃபியூஸும் மாறிவிடும். அது சிப்பை அழித்துவிட்டு பூட்லோடரையும் (ஸ்கெட்ச்சை சீரியல் வழியே ஏற்ற உதவும் சிறு நிரல்) எழுதுவதால் ஸ்கெட்ச்சை மறுபடி ஏற்ற வேண்டும். கிறிஸ்டல் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அதன்பின் சிப் புரோகிராமருக்கே பதில் சொல்லாது.

உள் ஆஸிலேட்டரை 8-ல் ஓட்டிச் சமாளிக்கலாமே என்றால், நான் பரிந்துரைக்க மாட்டேன். தொழிற்சாலையில் சரிசெய்து அனுப்பும் நிலையிலேயே அது 10 சதவீதம்வரை விலகலாம். ரிசீவர் ஸ்டார்ட் பிட்டில் மட்டுமே நேரத்தைச் சரிபார்க்கிறது; 5 சதவீதப் பிழை இருந்தாலே ஸ்டாப் பிட்டுக்குள் அரை பிட் நழுவிவிடும். 2 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். கிறிஸ்டல் இருந்தும் 115200-ல் 2.1 சதவீதப் பிழை உண்டு. வேகம் வேண்டுமானால் 250000 வையுங்கள், 16 மெகாஹெர்ட்ஸில் அது துல்லியமாக வகுபடும்.

கிளாக் சரியாக இருந்தும் குப்பை வந்தால், யுஎஸ்பி கன்வெர்ட்டரின் கிரவுண்டும் சிப்பின் கிரவுண்டும் இணைந்திருக்கிறதா பாருங்கள். எதுவும் அனுப்பாதபோது கன்வெர்ட்டரின் டிஎக்ஸில் 5 அல்லது 3.3 வோல்ட் நிற்க வேண்டும். மைனஸ் வோல்ட் காட்டினால் அது ஆர்எஸ்232 (பழைய கணினி சீரியல் போர்ட்டின் மின்னழுத்த முறை). உடனே கழற்றிவிட்டு நடுவில் மேக்ஸ்232 (அந்த மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்றதாக மாற்றும் ஐசி) வையுங்கள்.