ஃபாசில்னா தோண்டி எடுத்தது, அவ்வளவுதான்

கேள்வி: ஃபாசில்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்தது, நிஜ அர்த்தம் என்ன? கீழடியில எடுத்த பானை ஓட்டைக்கூட பக்கத்து வீட்டு மாமா ஃபாசில்ங்கறார், சரியா? - வாசகி, திருச்சி

பதில்: மாமா ஒரு ஐந்நூறு வருஷம் லேட்டா பொறந்துட்டார், அவ்வளவுதான். லத்தீன்ல ஃபோடெரேன்னா தோண்டறது, அதுலேர்ந்து வந்த ஃபாசிலிஸ்னா மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்தது. எலும்புன்னோ பழசுன்னோ அதுல எங்கேயும் இல்ல. சுரங்க ஊர்ல டாக்டரா இருந்த அக்ரிகோலாங்கற ஜெர்மன்காரர் 1546ல ஃபாசில்களைப் பத்தி ஒரு பெரிய புஸ்தகம் போட்டார், உள்ள பார்த்தா உப்பு, படிகாரம், ரத்தினக்கல், பளிங்குன்னு வரிசையா வருது! நிலக்கரியை ஃபாசில் ஃப்யூயல்னு சொல்ல ஆரம்பிச்சதும் தோண்டி எடுத்த எரிபொருள்ங்கற அந்தப் பழைய அர்த்தத்துலதான்.

அப்புறம் ஏன் அர்த்தம் சுருங்கிச்சுன்னா, சண்டைதான் காரணம். மலை உச்சியில சிப்பி மாதிரி கல்லு கிடைக்குது, அது பூமிக்குள்ள தானா வளர்ந்ததுன்னு ஒரு கோஷ்டி, பைபிள்ல வர்ற நோவா காலத்து வெள்ளத்துல வந்ததுன்னு இன்னொரு கோஷ்டி. நாக்குக்கல்லுன்னு ஒண்ணு, முக்கோணமா இருக்கும், வானத்துலேர்ந்து விழுந்ததுன்னு நம்பி விஷமுறிவுக்கு வெச்சிருந்தாங்க. 1666ல இத்தாலியில ஒரு பெரிய சுறா மாட்ட, அதோட தலையை அறுத்துப் பார்த்த ஸ்டெனோங்கற டென்மார்க் உடற்கூறு நிபுணர், வாயில இருக்கற பல்லும் அந்தக் கல்லும் ஒண்ணுதானேன்னு எழுதினார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா, உயிரோட இருந்த ஒண்ணோட மிச்சம் மட்டும்தான் ஃபாசில்னு ஆயிடுச்சு, உப்பையும் ரத்தினத்தையும் வெளியே தள்ளிட்டாங்க.

இப்போ பொதுவா பத்தாயிரம் வருஷத்துக்கு மேல போன உயிரோட மிச்சமோ தடயமோ இருந்தா ஃபாசில். கால்தடம், ஏன் சாணிகூட சேர்த்தி. கல்லா மாறியிருக்கணும்னு கட்டாயம் இல்ல, சைபீரியாவுல பனியில உறைஞ்ச மாமூத்துங்கற ஆதிகால யானையும் ஃபாசில்தான். கீழடி பானை மனுஷன் செஞ்சது, அதனால தொல்பொருள். அங்க கிடைச்ச மாட்டு எலும்புக்கும் வயசு பத்தாது, சில ஆயிரம் வருஷம்தான்.

சாளக்கிராமம் பூஜை பண்ற வீடா உங்களோடது? நேபாளத்துல கண்டகி ஆத்துல கிடைக்கற அந்தக் கல்லுக்குள்ள சக்கரம் தெரியுதே, அது அம்மோனைட்டுங்கற கடல் பிராணியோட ஓடு. இமயமலை எழும்பறதுக்கு முன்னாடி அங்க கடல் இருந்தது.

மாமாவை ஒரு நாள் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கூட்டிட்டுப் போங்க. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாப் படுத்திருக்கு, வயசு சுமார் 12 கோடி வருஷம். கடல் அரியலூர் வரைக்கும் வந்திருந்த காலம் அது, அடிச்சிட்டு வந்து சேத்துல புதைஞ்சிருக்கு, கனிமம் கலந்த தண்ணி உள்ள ஊறி ஊறி மரமே கல்லாயிடுச்சு. 1940லதான் எம்.எஸ்.கிருஷ்ணன்ங்கற நிலவியல்காரர் கவனிச்சார்.

அடுத்த வாரம் கேட்கப் போறீங்கன்னு தெரியும், ஃபகத் ஃபாசிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது அரபுப் பேரு, சிறந்தவர்னு அர்த்தம்.