பல்கலைக்கழகத்தை யார் ஆள்கிறார்கள்? கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தை ஒரு கம்பெனி போல நடத்தும் சந்தை முறை அதன் நிர்வாகத்தில் புகுந்தது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கட்டண உயர்வைத்தானே சந்தைமயம் என்கிறார்கள்? நிர்வாகத்துக்கு அதில் என்ன தொடர்பு? (முதுகலை மாணவி)

கட்டணம் பிறகு வந்தது அம்மா. அதிகாரம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. பிரிட்டனில் 1985-இல் பல்கலைக்கழக நிர்வாகம் பற்றி வெளியான ஜாரட் அறிக்கை, துணைவேந்தர் ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகியைப் போல இயங்க வேண்டும் என்றது. உள்நாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டத் தொடங்கியது 1998-இல்தான். இங்கிலாந்தில் 2012-இல் அந்த உச்சவரம்பு 9,000 ஆனது. ஆகவே எந்த நாடானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தலைவரை நியமிப்பது யார், ஒரு துறையை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கட்டணமே இல்லாத நாட்டில் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா? (கல்லூரி ஆசிரியர்)

இருக்கிறது ஐயா. டென்மார்க்கில் சொந்த நாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அதற்கு முன் ஆசிரியர், மாணவர், ஊழியர் மூவரும் வாக்களித்து ரெக்டரை, அதாவது பல்கலைக்கழகத் தலைவரை, தேர்ந்தெடுத்தார்கள். இப்போது வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள வாரியம் அவரை நியமிக்கிறது. புலத்தலைவர், துறைத்தலைவர் பதவிகளும் மேலிருந்து வரும் நியமனங்கள்தாம். தனக்குக் கீழே வேலை செய்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை தலைவருக்கு இல்லாமல் போயிற்று. கட்டண உயர்வைவிட இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

நல்ல துறையாக இருந்தால் தப்பிவிடும்தானே? (ஆய்வு மாணவர்)

லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2008-இல் நடந்த தேசிய ஆய்வு மதிப்பீட்டில் அங்கே மிக உயர்ந்த மதிப்பீடு பெற்ற பாடம் தத்துவம். 2010 ஏப்ரலில் அந்தப் பாடத்தையே மூடப் போவதாக அறிவித்தார்கள். சொன்ன காரணம் பணம். மாணவர்கள் வளாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். உலகெங்கும் இருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. முடிவு மாறவில்லை; தத்துவ ஆய்வு மையம் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. தரத்தை அளக்கச் சொன்னவர்களே, அளந்த பிறகு அதைப் பொருட்படுத்தவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஜப்பானில்?

2004-இல் தேசியப் பல்கலைக்கழகங்கள் தனிச் சட்ட நிறுவனங்களாயின. ‘தன்னாட்சி’ என்றார்கள், கூடவே அன்றாடச் செலவுக்கு அரசு தரும் மானியத்தை ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு நிரந்தரப் பணி அரிதாகி, ஒப்பந்தப் பணி பெருகியது.

எதிர்த்து நின்று வென்ற இடம் உண்டா? (ஓய்வுபெற்ற பேராசிரியை)

உண்டு. ஆக்ஸ்போர்டில் நிர்வாகக் குழுவில் வெளியாட்களுக்குப் பெரும்பான்மை தரும் திட்டத்தை 2006-இல் ஆசிரியர் பேரவை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. அந்த வாக்குரிமை அவர்கள் கையில் மிஞ்சியிருந்ததால் முடிந்தது. ஜெர்மனியில் சில மாநிலங்கள் எல்லா மாணவர்களுக்கும் கொண்டுவந்த கட்டணத்தை, கடைசி மாநிலமாக லோயர் சாக்சனியும் 2014-இல் கைவிட்டது.

இந்தியாவில் எதைக் கவனிக்க வேண்டும்?

2017-இல் தொடங்கிய உயர்கல்வி நிதி முகமையை (HEFA). மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் கட்டடம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றுக்கு அதனிடம் கடன் வாங்குகின்றன. பல நிறுவனங்கள் அசலில் ஒரு பங்கைத் தம் வருவாயிலிருந்தே அடைக்க வேண்டும். அந்தப் பங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் நிறுவனம் கடன் வாங்கியிருந்தால், எந்த வருவாயைக் காட்டி வாங்கினார்கள் என்று கேளுங்கள்.