கஞ்சா வழக்கு: எடையும் மகசரும்

கேள்வி: ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தால் குற்றமில்லை என்கிறார்களே?

பதில்: கல்லூரி விடுதிகளில் பரவிக் கிடக்கும் இந்தக் கதையை நம்பிப் பலர் மாட்டியிருக்கிறார்கள். பத்து கிராம் பொட்டலத்துக்கும் வழக்கு உண்டு. ஒரு கிலோ என்பது தண்டனையைப் பிரிக்கப் போட்ட கோடு, அவ்வளவுதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ்., 20-ஆம் பிரிவில் மூன்று தட்டு வைத்திருக்கிறது. ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’: குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். நடுவில் உள்ளதற்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சரஸ், அதாவது கஞ்சாப் பிசின் என்றால் கோடு இன்னும் கீழே இறங்கும்: 100 கிராம், ஒரு கிலோ.

கையில் பொட்டலமே இல்லாமல் புகைத்தது மட்டும் நிரூபணமானாலும் 27-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். மொட்டை மாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்தவருக்கு இந்த எடைக் கணக்கும் உதவாது. பயிரிட்டதற்குப் பத்தாண்டு வரை போகலாம்.

வணிக அளவில் உண்மையான இடி 37-ஆம் பிரிவு. இவர் குற்றம் செய்யவில்லை, வெளியே போனாலும் செய்யமாட்டார் என்று நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகைக்கும் 180 நாள் அவகாசம். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டினால் ஓராண்டு வரை நீளும். அதனால் 20 கிலோ 300 கிராம் என்று வழக்கு வந்தால் முதலில் மகசரை, அதாவது பறிமுதல் செய்த இடத்தில் சாட்சிகளோடு எழுதும் பதிவை, வாங்கிப் பாருங்கள். சாக்கோடு எடை போட்டார்களா? சட்டப்படி கஞ்சா என்பது பூ, காய் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. தனியாகக் கிடந்த இலையையும் சேர்த்துப் போட்டார்களா? சில நூறு கிராமில் வழக்கின் தட்டே மாறிவிடும்.

கேள்வி: வடக்கே கஞ்சா இலையில் செய்யும் பாங்கைக் கடை வைத்தே விற்கிறார்கள். இங்கே இலை மட்டும் வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. மத்தியச் சட்டம் இலையை விட்டுவைத்தாலும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, இலையையும் போதைப்பொருளாகவே பார்க்கிறது.

கேள்வி: பைக்கை நிறுத்தி போலீஸ் சோதனை போட்டால் எனக்கு என்ன உரிமை?

பதில்: உடம்பைத் தடவிச் சோதிப்பதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். இது 50-ஆம் பிரிவு. “இல்லை என்றால் நாங்களே பார்க்கிறோம்” என்ற மூன்றாவது வழி சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் உடலுக்கு மட்டும். பையிலோ பைக் சீட்டுக்கு அடியிலோ கிடைத்தால் 50-ஆம் பிரிவைச் சொல்லித் தப்ப முடியாது. பலருடைய வாதம் விழுவது இங்கேதான்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மகசரில் நேரம், இடம், எடை, சாட்சி பெயர் எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். விசாரணை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்பது 2020-இல் தூபான் சிங் வழக்கில் முடிந்துபோன விஷயம். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு. மாதிரி எடுப்பதும் மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான். கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம், இரண்டு. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

கேள்வி: அறைத்தோழன் அலமாரியில் எடுத்தார்கள். நான் தொட்டதே இல்லை. என்னையும் பிடிப்பார்களா?

பதில்: பிடிக்கலாம். தெரிந்தே உங்கள் வசம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்தச் சட்டத்தில் வில்லங்கம் என்னவென்றால், பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தனிச்சாவி, தனி அலமாரி, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர், அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதெல்லாம் அப்போது கைகொடுக்கும்.

கேள்வி: தாய்லாந்தில் கடையிலேயே விற்கிறது. கொஞ்சம் வாங்கி வந்தால்?

பதில்: வாங்கி வராதீர்கள். அங்கே 2022 ஜூனில் தடை நீங்கியது. 2025 ஜூன் முதல் மருத்துவச் சீட்டு கேட்கிறார்கள். அங்கே விதி எதுவானாலும், மீனம்பாக்கத்தில் இறங்கினால் 23-ஆம் பிரிவு, இறக்குமதிக் குற்றம். மண்ணில்லாமல் நீரில் வளர்த்த ‘ஹைட்ரோபோனிக்’ என்று பெயர் மாறினாலும் கஞ்சா கஞ்சாதான். சாக்லேட், பிஸ்கட் இன்னும் மோசம்: கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கோகோவும் சர்க்கரையும் உங்கள் கணக்கில் ஏறும்.

கேள்வி: மகன் பழகிவிட்டான், சிறிய அளவோடு பிடிபட்டான். சிகிச்சைக்குச் சேர்த்தால் வழக்கு போகுமா?

பதில்: போகலாம். 64ஏ பிரிவை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால் 27-ஆம் பிரிவுக்கும் சிறிய அளவுக்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. மூன்று இடத்தில் கெடுகிறது: அங்கீகாரமில்லாத தனியார் மையத்தில் சேர்ப்பது, பாதியில் கூட்டி வந்துவிடுவது, அனுமதிச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பத்திரப்படுத்தாமல் விடுவது. பாதியில் நிறுத்தினால் விலக்கைத் திரும்பப் பெறலாம். எங்கே சேர்ப்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

கேள்வி: ஜாமீன் வந்த பிறகும் தம்பி மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: குண்டாஸ் எனப்படும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியும் வருகிறார், 12 மாதம் வரை தடுப்புக் காவல். காரணங்களை ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த ஆவணக் கட்டு வந்தவுடன் பக்கம் பக்கமாகப் பாருங்கள்: மங்கலான நகல், மொழிபெயர்க்காத ஆங்கிலப் பக்கம், விடுபட்ட பக்கம். காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமம் கூடும்வரை காத்திராமல் அன்றைக்கே உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு மனு அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவைப் பரிசீலிக்காமல் இழுத்தடித்தது, ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு ரத்தாவதற்கு அடிக்கடி காரணமாகும்.