கேளுங்க சொல்றேன்: ஐடியா எந்த ஊர்க்காரன்?

கேள்வி (திருமங்கலத்துல இருந்து ஒரு வாசகி): பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பத்தா கூட "ஒரு ஐடியா சொல்லு தாயி"ன்னுதான் கேக்குது, என் பையன் எதக் கேட்டாலும் "ஐடியா இல்லம்மா"ங்கிறான். இது நெசமாவே இங்கிலீஷ் வார்த்தைதானா?

பதில்: இங்கிலீஷ்காரனுக்கே அது இரவல் சரக்குதாங்க. ஊரு கிரேக்கம். அங்க "இடெய்ன்"னா பாக்கிறது, அதுல இருந்து வந்த "இடெயா"ன்னா கண்ணுக்குத் தெரியிற தோற்றம், உருவம், அம்புட்டுதான். மண்டைக்குள்ள ஓடுற சமாச்சாரமே இல்ல, ஒருத்தன் பாக்க எப்படி இருக்கான்ங்கிறதுதான் முதல் அர்த்தம்.

அதத் தூக்கி உசரத்துல வச்சவர் கிரேக்க தத்துவ ஞானி பிளேட்டோ, கி.மு. 4ஆம் நூற்றாண்டுல. பேருங்க எப்படி வந்துச்சுன்னு விவாதம் பண்றதுக்காகவே கிராட்டிலஸ்னு ஒரு உரையாடல் எழுதியிருக்காரு, அதுல சாக்ரடீஸ் கேக்குற ஒரு கேள்வி நம்ம செல்லூர்ல தறி போட்டிருந்த வீட்டுக்காரங்களுக்கு டக்குனு பிடிபடும். தச்சன் ஒருத்தன் தறிக்கு நாடா, அதான் குறுக்கு நூல இழுத்துக்கிட்டு ஓடுற கட்டை, செய்யிறான், செய்யிறப்பவே அது உடைஞ்சு போச்சு, இப்ப அடுத்த நாடாவ உடைஞ்ச கட்டையப் பாத்துச் செய்வானா, இல்ல முதல்ல எந்த உருவத்தப் பாத்துச் செஞ்சானோ அதப் பாத்துச் செய்வானா? நம்மூரு நாடாவையே எடுத்துக்கங்க, ரெண்டு முனையும் கூரா இருக்கணும், நடுவுல நூல் சுத்துன தார் உக்கார குழி வேணும், கட்டைல துளி பிசிறு இருந்தாலும் நெடுக்க ஓடுற பாவு நூலு அறுந்துரும். இதெல்லாம் உடைஞ்ச கட்டையில எங்க இருக்கு? தச்சன் "பாத்த" அந்த உருவத்துலதான இருக்கு. அந்த இடத்துல பிளேட்டோ போட்ட வார்த்தை "எய்டோஸ்", அது இடெயாவுக்குக் கூடப்பிறந்தது, ரெண்டையும் அவர் மாத்தி மாத்திப் போடுவாரு. ஆனா ஒண்ணு, அவருக்கு அந்த உருவம் தச்சன் மண்டையில பொறக்கிறது இல்ல, அது வெளியில, அழியாம, யாரு நினைச்சாலும் நினைக்காட்டியும் இருக்கிறது. இன்னைக்கு நாம சொல்ற ஐடியாவுக்கு அப்படியே தலைகீழ்.

அத மண்டைக்குள்ள இறக்குனது 17ஆம் நூற்றாண்டு தத்துவ ஆளுங்க. பிரெஞ்சுக்கார டெகார்ட், அவருக்குப் பின்னாடி இங்கிலீஷ்கார ஜான் லாக். லாக் 1690னு தேதி போட்டு வந்த தன்னோட புத்தகத்துல, மனுசன் யோசிக்கிறப்ப அவன் அறிவுக்கு முன்னாடி எது நிக்குதோ அது பூராவும் ஐடியாதான்னு சொல்லிட்டாரு. கண்ணுல இருந்து மண்டைக்கு வந்துசேர ரெண்டாயிரம் வருசம் ஆகிப்போச்சு!

உங்க பையன் விசயத்துக்கு வாரேன். இங்கிலீஷ்ல "நோ ஐடியா"ன்னா தெரியாதுன்னு அர்த்தம். நம்ம பேச்சுல "வீடு கட்டுற ஐடியா இருக்கா"ன்னா உத்தேசம் இருக்கான்னு கேக்குறோம், "சாப்பிட வர்ற ஐடியா இருக்கா இல்லையா"ன்னா வைய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அதனால அவன் "ஐடியா இல்ல"ன்னா தெரியலங்கிறானா, இஷ்டமில்லங்கிறானான்னு ஒரு தடவ கேட்டுக்கங்க, பாதிச் சண்டை குறையும்.

கேள்வி (மேலூர் வாசகர்): அப்ப தமிழ்ல இதுக்குச் சரியான சொல்லு என்ன? யோசனையா?

பதில்: யோசனையும் வடக்க இருந்து வந்ததுதான். சமஸ்கிருதத்துல "யுஜ்"னா பூட்டுறது, ஒரு தடவ மாட்டப் பூட்டுனா போற தூரத்துக்கும் யோஜனைன்னு பேரு, பழைய கதைங்கள்ல நூறு யோசனை தூரம்னு வருமே அது. நம்ம ஊர்ப்பக்கம் அது ரோசனை ஆகிப்போச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கு. எண்ணம்னு சொன்னா அது எண்ணுறதோட சேந்தது, கணக்கும் நினைப்பும் ஒரே வார்த்தையில. என்னையக் கேட்டா கிரேக்க இடெயாவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது நாம தினமும் சொல்ற "தோணுது"தான். தோன்றுறதுன்னா கண்ணுக்குத் தெரியிறது, மனசுல வர்றதுக்கும் அதே வார்த்தை. இத யாரும் கவனிக்கிறதே இல்ல, யோசனையா கருத்தான்னு மட்டும் அடிச்சுக்கிறாங்க. அதுக்காக அப்பத்தாகிட்டப் போயி ஐடியான்னு சொல்லாதன்னு சொல்லிறாதீங்க.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): ஐடியா, வீடியோ, வேதம் எல்லாம் ஒரே வேருன்னு சொல்றாங்களே, கதையா?

பதில்: கதை இல்ல. கிரேக்கத்துல அந்தச் சொல்லுக்கு முன்னாடி ஒரு வ் சத்தம் இருந்துச்சு, பின்னாடி தேஞ்சுபோச்சு. அதச் சேத்துப் பாத்தா "வித்"துங்கிற வேரு தெரியும். லத்தீன்ல அது பாக்கிறது, அதுல இருந்து வீடியோ, விசா, விஷன். சமஸ்கிருதத்துல அறியிறது, அங்க இருந்து வேதம், வித்தை. இங்கிலீஷ்ல வைஸ், விட் ரெண்டும் அதே வேருதான். பாக்கிறதும் அறியிறதும் எப்படி ஒண்ணாச்சுன்னா, கிரேக்கன் "ஓய்டா"ம்பான், அமைப்புப்படி பாத்தா "பாத்துட்டேன்", அர்த்தம் "எனக்குத் தெரியும்".

கேள்வி (அதே வாசகர்): இடியட்டும் இந்தக் குடும்பமா?

பதில்: இல்லண்ணே, சத்தம்தான் ஒண்ணு போல. அது "இடியோஸ்", தன்னோடது, தனிப்பட்டதுங்கிற சொல்லு. ஊர்ப் பொது விசயத்துல பட்டுக்காம தன் சோலியப் பாத்துக்கிட்டு இருந்த சாதாரண ஆளுக்குச் சொன்னது, போகப்போக ஒண்ணும் தெரியாதவன், முட்டாள்னு இறங்கிருச்சு. ஐடென்டிட்டி கார்டும் வேற குடும்பம், அது லத்தீன் "இடெம்", "அதே"ன்னு அர்த்தம். ஐடியாலஜி மட்டும் சொந்தப் பிள்ளை, 1796ல டெஸ்டூட் டி டிரேசிங்கிற பிரெஞ்சுக்காரர் உண்டாக்குனது.